மூத்தாள் பொட்டு

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவருகிறவர்களிடம் ஆதார் கார்டு கேட்பதெல்லாம் ஒப்புக்கு. வீட்டுக்காரி கவிதா பார்ப்பது கழுத்தை. தாலியின் அச்சை வைத்தே இன்ன ஜனம் என்று சொல்லிவிடுவாள். பிறந்த ஊரான அனந்தபுரத்து வளர்ப்பு அப்படி.

காணையிலிருந்து புருஷன் சேரனோடும் கைக்குழந்தையோடும் வந்த பிரபாவதிக்கு அது நன்றாகத் தெரியும். கழுத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீடுகள் ஏராளம். இங்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நாங்களும் உங்க ஜனந்தாங்கக்கா" என்று சொல்லி நுழைந்துவிட்டாள். இதுவும் போனால் பிள்ளையோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

கவிதா சும்மா இருப்பாளா? "ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் எங்க வூட்லதான் தாலி பிரிச்சுக் கோப்போம். நீயும் வா" என்றாள்.

பிரபாவதி அவளோடு ஒட்டி நின்று ஒரு செல்பி எடுத்தாள். கவிதாவின் கழுத்தை மட்டும் பெரிதாக்கி விழுப்புரத்து ஆசாரியிடம் காட்டினாள். ஒரு குண்டுமணி பிசகாமல் அதே அச்சில் தாலி வந்துவிட்டது.

ஆடிப்பெருக்கன்று மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கழற்றிய தாலியைத் தட்டில் வைத்தாள். கவிதா எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது.

"இன்னாடி இது, ஓரத்துல சின்னப் பொட்டு?"

"எல்லாரும் போடறதுதானேக்கா?"

"ஏன்டி, சேரனுக்கு மொதல்ல ஒருத்தி இருந்து செத்துட்டாளா?"

"ஐயோ, இன்னாக்கா இப்டி கேக்கறீங்க! நான்தான் மொதோ."

"மொத பொண்டாட்டி செத்து ரெண்டாவதா வாக்கப்பட்டவதான்டி இதப் போடுவா. செத்தவளுக்கு வெக்கிற மூத்தாள் பொட்டு. எங்க வூட்டுக்காரருக்கு நான் ரெண்டாந்தாரம், போட்டுக்கினு இருக்கேன். உனக்கு ஏன்?"

பிரபாவதியின் பார்வை, பாவம், கவிதாவின் கழுத்துக்குப் போய்விட்டது. அது போதும். தெருவே புரிந்துகொண்டது.

கவிதா கத்தவில்லை. தாலியில் விரல் படாமல் தட்டை நகர்த்தினாள். "பொழுது சாயறதுக்குள்ள வூட்டக் காலி பண்ணு."

"கோத்தாவது விடுங்கக்கா, யாராவது" என்று பிரபாவதி சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

அடுப்பில் பால் வைத்த ஞாபகம் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. எனக்கும்தான்.

சாயங்காலம் சேரன் குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றினான். வாய் சும்மா இருக்காமல் பிரபாவதியிடம் கேட்டேன்: "எங்கம்மா போறீங்க?"

"தெரியலக்கா," என்றாள். "அங்க யாரு கழுத்தப் பாத்து தாலி செய்யணும்னுந்தான் தெரியல."

தாலி கோர்க்கப்படாமல் அவள் கைக்குள்ளேயே இருந்தது. பிள்ளை அந்தக் கையைப் பிரிக்கப் பார்த்து அழுதுகொண்டிருந்தது.