திருகல் இல்லாத சாய்வு

சிங்காநல்லூரிலிருந்து வெளியூர் போகிறவர்கள் இரும்புத் தட்டில் ஏறித்தான் போக வேண்டும். எதிரே இன்னொரு தட்டு உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஓர் உருளை சாய்ந்து நிற்கும். இந்தத் தட்டு உருளையைச் சுழற்றும், உருளை அந்தத் தட்டைச் சுழற்றும். இங்கே ஏறியவர் அங்கே இறங்குவார்.

நூறு பேர் ஏறினால் தொண்ணூறு பேர் இறங்குவார்கள். மற்றவர்கள் சூடாகிவிடுவார்கள். வீணாவதில்லை. பக்கத்துப் பேக்கரியில் அந்தச் சூட்டில் பன் வேகும்.

உருளையின் சாய்வைப் பார்த்துக்கொள்வது நாகமணியின் வேலை. அன்று தட்டில் ஏறி நின்றவன் அவள் கணவன் வெள்ளியங்கிரி. உடுமலைக்கு மாற்றல்.

போகிறவரின் சொந்தக்காரர்கள் அழுத்துக்கட்டையில் உட்காருவது ஊர் வழக்கம். அவர்கள் கனத்தில் தட்டு உருளையோடு அழுந்தும், வழுக்காது. பாசமான குடும்பம் என்றால் கட்டையில் இடம் கிடைக்காது. வெள்ளியங்கிரிக்காக இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். அவன் தங்கை சுலோச்சனா மடியில் ஒரு மாவு மூட்டையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் இறங்குங்க" என்றாள் நாகமணி.

"கேட்டீங்களா பெரியப்பா. அண்ணன் போனா போகட்டும்னு இருக்காங்க அண்ணி."

"கனம் ஏற ஏறத்தான் ஆள் குறையுது, சுலோச்சனா."

"செல்லக்குட்டி மாமாவுக்கு ஊரே உட்கார்ந்துச்சே."

"அவரு போய்ச் சேர்ந்தாரா?"

சுலோச்சனா யோசித்தாள். "அன்னிக்கு பன்னு நல்லா வெந்திருந்துச்சு."

நாகமணிக்கு விளக்கிச் சொல்வதென்றால் பிடிக்கும். தட்டும் உருளையும் ஒரு புள்ளியில் தொடுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள் என்றாள். இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. நடுவில் எண்ணெய் இருக்கிறது. அழுத்தத்தில் அது கண்ணாடிபோல் இறுகி இழுத்துச் செல்கிறது. அந்த இடம் புள்ளியும் அல்ல, புளியங்கொட்டை அளவு. தட்டில் அதன் வெளியோரம் வேகமாக ஓடும், உள்ளோரம் மெதுவாக ஓடும். உருளையின் ஓரங்கள் அதற்கு ஒத்துப்போகாது. அதனால் அந்த இடம் நின்றபடியே திருகிக்கொள்ளும். நிற்கிற பஸ்ஸில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் தரையில் அரைபடுமே, அதுபோல. கனம் கூடினால் புளியங்கொட்டை பெரிதாகும். அரைபடுவதும் கூடும். அரைபடுகிறவர் சூடாவார்.

"அப்ப வழுக்கிட்டா?" என்றார் நிலைய மேலாளர் திருமூர்த்தி.

"ஒரு பெரியப்பா கனம் இருந்தா வழுக்காதுங்க."

பெரியப்பா மட்டும் கட்டையில் இருந்தார். மற்றவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

நாகமணி நூல் பிடித்துப் பார்த்தாள். தட்டின் அச்சு, உருளையின் அச்சு, தொடும் இடத்தை உரசிப் போகும் கோடு. மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால் திருகல் இருக்காது. ஸ்டூலில் உட்கார்ந்து லிவரை இழுத்து உருளையைச் சாய்த்தாள். கோடுகள் எதிர்க்கடை வாசலில் சந்தித்தன. அங்கே ஒரு ஸ்கூட்டர் நின்றது.

"வண்டியை எடுங்க. கோடு சேரணும்."

கடைக்காரர் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்.

"மாமா, இந்தச் சாய்வுல மெதுவாத்தான் போவீங்க. ஆனா பலமா போவீங்க" என்றாள் வெள்ளியங்கிரியிடம்.

"எவ்வளவு மெதுவா, அம்மிணி?"

"நகம் வளர்ற மாதிரி."

"உடுமலை ஆபீசுல லீவு சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு."

தட்டு சுழன்றது. திருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். நாகமணி மூடவில்லை. எதிர்த்தட்டில் முதலில் வெள்ளியங்கிரியின் செருப்பு தெரிந்தது. அப்புறம் முழங்கால். இடுப்பு வருவதற்குள் வேனில் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். கடைசியில் தலை வந்தது, முழுசாக, சீவிய வகிடு கலையாமல். அவன் கைப்பிடியில் கை வைத்தான். கைப்பிடி வளைந்தது.

"அண்ணன் போயிட்டாரு" என்றாள் சுலோச்சனா. மாவு மூட்டை இன்னும் அவள் கையில் இருந்தது. "பெரியப்பாவைத் தவிர நாங்க யாரும் உட்காரவே இல்லையே அண்ணி."

"உட்காராததாலதான் போனாரு."

"அது சரிங்க. இப்ப நாங்க எங்க உட்கார?"

நாகமணி லிவரை விடாமல் ஸ்டூலில் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். சுலோச்சனா மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் மடியிலேயே உட்கார்ந்தாள். நல்ல கனம். வேனில் வந்த மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.