முப்பத்தோராம் தட்டின் நிலை

ஒரே சிடிப் பெட்டியை ஒரே கடையிலிருந்து நான் மூன்று முறை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் முறை வாங்கியபோதே, அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகள் தன் கணவரிடம் போனில் சொன்னாள். என் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். விழுந்தது. நான்காவது முறையும் வாங்க நான் தயாராகவே இருந்தேன்.

ஒரே பியானோக் கலைஞர் வாழ்நாள் முழுவதும் வாசித்தவற்றின் தொகுப்பு அது. நாற்பது தட்டுகள், தடித்த அட்டைப் பெட்டி, ஒரு மூலை நசுங்கியது. அதை முதன்முதலில் வாங்கியது நான் அல்ல, என் மனைவி.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பத்திரண்டு வருடம் அந்த வேலை. ஃபிலிம் இருந்த காலத்தில், இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே தனியாக நின்று ஃபிலிம் கழுவுவாள். அங்கே ஒரு பழைய ரேடியோ இருந்தது. அதில் ஒரே ஒரு நிலையம்தான் எடுக்கும். நாள் முழுக்க மேற்கத்திய செவ்வியல் இசை. "வேற வழியில்லாமத்தான் கேக்க ஆரம்பிச்சேன். அப்புறம் வேற எதுவும் பிடிக்காமப் போச்சு" என்பாள். எங்கள் கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டாலும் இதே பதில்தான்.

ஆஸ்பத்திரி கணினிக்கு மாறியபோது, ஃபிலிம் பார்க்கும் விளக்குப்பெட்டிகளைக் கழித்துக் கட்டினார்கள். ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் வைத்தாள். அன்றிலிருந்து நாங்கள் மறுமுனையில் சாப்பிட்டோம்.

பழைய பெட்டிகளாக இணையத்தில் தேடி வாங்குவாள். ஒவ்வொரு பெட்டிக்கும் விற்பவர் ஒரு நிலை போடுவார்: புதியது போல, மிக நன்று, நன்று, சுமார். பெட்டி வந்ததும் அவள் கைகழுவிவிட்டு உட்காருவாள். ஒவ்வொரு தட்டாக எடுத்து விளக்குப்பெட்டியின் வெள்ளை வெளிச்சத்தின் மேல் பிடிப்பாள். தட்டின் வெள்ளிப் பூச்சில் எங்கேயாவது அரிப்பு இருந்தால், அங்கே வெளிச்சம் ஊசிமுனைப் புள்ளியாக ஒழுகும். மெல்லிய தாளைத் தட்டின் மேல் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு புள்ளியையும் குறிப்பாள். நெஞ்சு ஃபிலிமில் எதைத் தேடுவாளோ அதே பொறுமை, அதே மூக்குக்கண்ணாடி.

பழைய பெட்டிகளின் முக்கிய எதிரி கீறல் அல்ல, ஸ்பாஞ்ச் என்று அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். தட்டுகள் ஆடாமல் இருக்கட்டும் என்று கம்பெனிக்காரர்களே உள்ளே வைத்த மெல்லிய ஸ்பாஞ்ச். இருபது முப்பது வருடத்தில் அது இளகி, தட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு, பூச்சைத் தின்ன ஆரம்பிக்கிறது. காப்பாற்ற வைத்ததே கொல்கிறது. பெட்டி வந்ததும் அவள் முதலில் செய்வது ஸ்பாஞ்சை உருவிக் குப்பையில் போடுவதுதான்.

அடிபட்ட பெட்டிகளை அவள் வெறுத்ததில்லை. எங்கள் அலமாரியில் பாதி 'சுமார்' என்று வந்தவைதான். அவளுக்குப் பொறுக்காதது தவறான சொல் மட்டுமே.

இந்தப் பெட்டி 'மிக நன்று' என்று வந்தது. முப்பத்தோராம் தட்டின் முதுகில் ஸ்பாஞ்ச் அப்பிக் கிடந்தது. விளக்கில் பிடித்தாள். பதினேழு புள்ளிகள். விற்பவருக்குக் கடிதம் எழுதிவிட்டு, திருப்பி அனுப்பினாள். ஸ்பாஞ்சைத் தனி உறையில் போட்டு, 'இதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்' என்று மேலே எழுதி, அதையும் சேர்த்து அனுப்பினாள்.

பணம் திரும்பி வந்தது. கூடவே, வாங்குபவர்களைப் பற்றி விற்பவர்கள் எழுதும் பகுதியில் மூன்று வரி வந்தது: 'ஓட்டை எண்ணும் அம்மா. இசை கேட்கத் தெரியாதவர். விற்பவர்கள் ஜாக்கிரதை.' இனி அந்தக் கடையில் அவள் எதையும் வாங்க முடியாதபடி தடையும் போட்டுவிட்டார்.

"சல்லடை ஊசியைப் பார்த்து ஓட்டைன்னு சொன்ன கதையா இருக்கு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சுமார்னு போட்டு வித்திருந்தா நானே வெச்சிருப்பேங்க" என்றாள்.

அதே மாதத்தில்தான் அவளுடைய இருமலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். ஃபிலிம் உறையை நான் வீட்டில் ஒளித்து வைத்தேன். யாரிடம்? அரை மணி நேரத்தில் அது விளக்குப்பெட்டியின் மேல் இருந்தது.

"இங்க. இங்க. அப்புறம் இதோ, இங்க" என்று பென்சிலை ஃபிலிமில் படாமல் நீட்டிக் காட்டினாள். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"பயப்பட ஒண்ணும் இல்லன்னார்."

"நீங்க புரூஃப் பாக்கற ஆளுதானே? தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே விட்ருவீங்களா?"

நான் அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவன். அன்று விட்டுவிட்டேன். அதன் பிறகும் விட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்க வருகிறவர்களிடம் வாசலிலேயே, "நல்லா இருக்கா, தேறிட்டு வர்றா" என்பேன். உள்ளறையிலிருந்து குரல் வரும்: "தேறல! சுமாருக்கும் கீழ!" வந்தவர்களுக்குத் தொண்டையில் டீ நிற்கும். அவள் போன பிறகு அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் என் வாயில் அந்த 'நல்லா இருக்கா' கசந்தது. ஐந்து மாதம் நான் அவளைத் தவறான நிலையில் ஊருக்குக் காட்டினேன்.

அவள் இறந்து மூன்றாவது மாதம், அவளுடைய மின்னஞ்சலுக்கு அந்த இணையதளத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: நீங்கள் தேடிய பெட்டி மீண்டும் வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நசுங்கிய அதே மூலை. அதே கடை. அவ்வளவு நாள் எங்கே கிடந்ததோ. நிலை: மிக நன்று.

என் பெயரில் வாங்கினேன்.

பெட்டி வந்த அன்று மகள் வீட்டில் இருந்தாள். திறந்தேன். மனைவி உருவி அனுப்பிய ஸ்பாஞ்ச் மறுபடியும் தட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. முப்பத்தோராம் தட்டை விளக்கில் வைத்து, மனைவி அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்த கோப்பிலிருந்து அதற்குரிய மெல்லிய தாளை எடுத்து மேலே பொருத்தினேன். தாளைச் சுற்றி நகர்த்த, ஓரிடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. பதினேழு பென்சில் புள்ளிகளுக்குள்ளும் பதினேழு வெளிச்சம்.

"பத்தொம்பது" என்றாள் மகள். அம்மாவின் கண் அவளுக்கு. தாளில் குறிக்காத இரண்டு புள்ளிகள் புதிதாக ஒளிர்ந்தன.

"போட்டுப் பாப்போம்ப்பா."

போட்டோம். முழுத் தட்டையும் கேட்டோம். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை, தாவவில்லை. பியானோ ஒழுங்காக நடந்துபோய் ஒழுங்காக முடிந்தது.

"நல்லாத்தானேப்பா பாடுது?" என்றாள் மெதுவாக.

கடைக்காரர் சொன்னது சரிதானா? என் மனைவி வெறும் ஓட்டைதான் எண்ணினாளா? கோப்பில் அவள் எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. எக்ஸ்ரே அறிக்கை போலவே எழுதியிருந்தாள். கடைசி வரி: 'இப்போது பாடுகிறது. பாடுகிறது என்பதால் மிக நன்று என்று எழுதக் கூடாது. இது வளரும்.'

அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவான பிறகும் அவள் ஒரு மாதம் மாடிப்படி ஏறினாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். பார்த்தவர்கள், "நல்லாத்தானே இருக்காங்க?" என்றார்கள்.

கடைக்கு போன் செய்தேன்.

"சொல்லுங்க சார், பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு. முப்பத்தொண்ணாவது சிடியில பத்தொம்பது ஓட்டை."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சார், நீங்க அந்த ஓட்டை எண்ணும் அம்மாவுக்கு..."

"வீட்டுக்காரர்."

"கடவுளே! போட்டுப் பாத்தீங்களா? பாடுதா இல்லையா?"

"பாடுது."

"அப்புறம் என்ன சார் பிரச்சனை? சரி, திருப்பி அனுப்பிடுங்க, பணத்தைப் போட்டுடறேன்."

"பணம் வேண்டாம். சொல்லை மாத்துங்க."

"எந்தச் சொல்லை?"

"மிக நன்றுன்னு போட்டிருக்கீங்களே. அதை எடுத்துட்டு சுமார்னு போடுங்க."

"சார், பெட்டி உங்க வீட்ல இருக்கு. வித்துப்போன சாமானுக்கு நான் எங்க போய் நிலை மாத்தறது?"

"அப்ப திருப்பி அனுப்பறேன். மறுபடி விக்கறப்போ மாத்துங்க. ஸ்பாஞ்சை உள்ள வைக்காதீங்க."

"ஐயோ, அது ஒரிஜினல் ஸ்பாஞ்ச் சார்! அது இல்லன்னா பெட்டி முழுசு இல்லன்னு சேகரிக்கறவங்க சண்டைக்கு வருவாங்க!"

"இருந்தா சிடி முழுசா இருக்காது."

"நான் மாத்தலன்னா?"

"மறுபடியும் வாங்குவேன். மறுபடியும் அனுப்புவேன்."

"உங்களையும் தடை பண்ணிடுவேன் சார்."

"பண்ணுங்க. மக பேர்ல வாங்கறேன். அப்புறம் மருமகன் பேர்ல. வர்ணனை தப்புன்னா முப்பது நாள்ல திருப்பலாம்னு உங்க தளமே சொல்லுது."

போனை வைத்ததும் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "உப்புப் பெறாத விஷயத்துக்கு எதுக்குப்பா இவ்வளவு? அம்மா போயிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த நிமிஷமே மாத்திடுவாரு."

"அதான் சொல்லல."

"ஏன்?"

"அவ செத்ததால மாத்தினா அது இரக்கம். அவ சொன்னது சரிங்கறதால மாத்தணும்."

அன்றுதான் மகள் தன் கணவருக்குச் சத்தமாகப் போன் செய்தாள். ஆனால் பெட்டியைத் திருப்பி அனுப்பக் கட்டியது அவள்தான். நசுங்கிய மூலைக்குத் தனியாக அட்டை வைத்துக் கட்டினாள்.

பத்து நாளில் பெட்டி மறுபடி கடையில் ஏறியது. நிலை: நன்று. ஒரு படி இறங்கியிருந்தார். வாங்கினேன். திறந்தேன். ஸ்பாஞ்ச் உள்ளே இல்லை. ஆனால் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகப் பெட்டியின் அடியில் இருந்தது. விடாக்கண்டனுக்கு ஒரு கொடாக்கண்டன் கிடைத்திருந்தார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

"சார், 'நன்று' போட்டாச்சே!" போனை எடுத்தவுடனே கடைக்காரர் ஆரம்பித்தார்.

"பாத்தேன். தப்பு குறைஞ்சிருக்கு, போகல. அரைப்பிழைன்னு ஒண்ணு எங்க தொழில்ல கிடையாது."

"உங்க தொழில் என்ன சார்?"

"புரூஃப் ரீடர்."

"வீட்ல ரெண்டு பேருமா இப்படி!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு குரலை இறக்கி, "சார், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. சுமார்னு போட்டா நாப்பது சிடிப் பெட்டியை எவன் வாங்குவான்? முப்பத்தொம்பது நல்லா இருக்கே. ஒண்ணுக்காக மொத்தத்தையும் கெட்டதுன்னு சொல்லணுமா?"

நியாயமான கேள்வி. கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "ஒண்ணு எந்த இடத்துல இருக்குங்கறதைப் பொறுத்தது. சுமார்னா கெட்டதுன்னு யார் சொன்னது? உள்ளதைச் சொல்லி விக்கறீங்க. வாங்கறவன் தெரிஞ்சு வாங்குவான். எங்க வீட்ல பாதி அலமாரி சுமார்தான்."

"யோசிக்கறேன் சார்."

"யோசிங்க. இன்னிக்கே கூரியர்ல போடறேன். அப்புறம், அவங்களைப் பத்தி மூணு வரி எழுதியிருக்கீங்க. முதல் வரி இருக்கட்டும். அவ எண்ணத்தான் செய்வா. ரெண்டாவது வரி பொய்."

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் கணினியைத் திறந்து பார்ப்பேன். வேறு யாருக்காவது தனியாக விற்றுவிட்டாரோ, குப்பையிலேயே போட்டுவிட்டாரோ என்று பயமாக இருந்தது. மகள்கூட வேலையிடத்திலிருந்து போன் செய்து, "ஏறிடுச்சாப்பா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு புதன்கிழமை ஏறியது. புதிய படங்கள் எடுத்திருந்தார். முப்பத்தோராம் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு படம். புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. நிலை: சுமார். அதன் கீழே: '31-ஆம் சிடியில் இருபது ஊசித்துளைகள். இப்போது பாடுகிறது. இது வளரும். ஸ்பாஞ்ச் அகற்றப்பட்டது.'

இருபது. பத்தொன்பது என்றுதான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவரே எண்ணியிருக்கிறார்.

அவளைப் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். 'ஓட்டை எண்ணும் அம்மா' என்ற முதல் வரி மட்டும் நின்றிருந்தது.

பெட்டியை வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

"சார்! திருப்பியும் நீங்களா? இப்ப என்ன தப்பு சார்? அதையும் சொல்லிடுங்க!"

"ஒரு தப்பும் இல்ல. இது வெச்சுக்கறதுக்கு வாங்கறேன்."

"அப்பாடா!" பெருமூச்சு. "நாலு நாள் உக்காந்து நாப்பதையும் பாத்தேன் சார். என் கடையில இருக்கற மத்த பெட்டியையும் பாத்துட்டு இருக்கேன், அது வேற தலைவலி. அம்மாகிட்ட சொல்லுங்க. தடையை எடுத்துட்டேன், அவங்க பேர்லயே வாங்கலாம். எப்படி இருக்காங்க அம்மா?"

ஐந்து மாதம் வாசலில் நின்று சொன்ன அந்தப் பதில் பழக்கத்தில் நாக்கின் நுனிவரை வந்தது. உள்ளறையிலிருந்து யாரும் கத்தப்போவதில்லை.

"செத்துட்டா" என்றேன். "அஞ்சு மாசம் ஆகப்போகுது."

கடையில் யாரோ விலை கேட்கும் சத்தம் வந்தது. அவர் பதில் சொல்லவில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, சார், நான் அன்னிக்கே..."

"தெரியும்" என்றேன். "அதான் சொல்லல."

பெட்டி இப்போது அலமாரியில், 'சுமார்'களின் வரிசையில் இருக்கிறது. முப்பத்தோராம் தட்டு மட்டும் வெளியே, கையெட்டும் தூரத்தில். மாதம் ஒருமுறை அதை விளக்கில் வைத்து, அவளுடைய தாளில் புதிய புள்ளிகளை நான் குறிக்கிறேன். பிறகு போட்டுக் கேட்கிறேன். இன்றுவரை பாடுகிறது.