நாற்பத்தைந்து கிலோ

யாழ்ப்பாணம் குருநகர் மக்டலீனைக் கொழுக்க வைத்தது ஒரு மிரட்டல். ஜேர்மனியிலிருந்த ஒரே மகன் வின்சன்ற் அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தான்: "என்னம்மா, எலும்புந்தோலுமாய் இருக்கிறியள்? அடுத்த படத்திலையும் இப்பிடித்தான் எண்டால், அகதிக் கேஸும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், நான் வந்திடுவன்."

சொன்னால் செய்கிற பிடிவாதக்காரன், தகப்பனைப் போல. சண்டை நடந்த 1992இல் ஒரு இளந்தாரி கொழும்பில் இறங்கி ஊர் வந்து சேருவதற்குள் எத்தனை இடத்தில் பிடிபடுவான் என்பது மக்டலீனுக்குத் தெரியும்.

அவளுக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை. புருஷனும் செத்து மகனும் போனபிறகு ஒரு ஆளுக்கு உலை வைக்கப் பஞ்சி, சோம்பல், அவ்வளவுதான். தேத்தண்ணியும் பாண் துண்டுமாய் நாட்களை ஓட்டிவிட்டாள்.

"சீனியைக் கரைச்சுக் குடிச்சால் கெதியாய்க் கொழுக்கலாமோ?" என்று டொக்டரிடம் கேட்டாள்.

"உது சரிவராது அம்மா. சீனி கூடாத கொழுப்பைத்தான் தரும்; இரத்தத்திலை நல்ல கொழுப்பெண்டும் ஒண்டு இருக்கு. சூடை மீன், கச்சான் கடலை, எள்ளு சாப்பிடுங்கோ. காலமை கொஞ்சம் நடவுங்கோ. நாற்பத்தைஞ்சு கிலோ வந்தால் காணும்."

நிறுக்கிறதற்கு விறகுகாலையில் விறகு நிறுத்து விற்கும் சந்தியோகுவின் பெரிய தராசுதான் இருந்தது. ஏறி நின்றாள். முப்பத்தெட்டு.

"அக்கா, நல்லாய்க் காய்ஞ்ச விறகு! எரிச்சால் புகைகூட வராது," என்றான் அவன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக் கனகாலம்.

விடிய எழும்பிக் கடற்கரையால் நடந்தாள். கிடைக்கிற நாளில் சூடை வாங்கிக் குழம்பு வைத்தாள். கச்சானை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். சந்தியோகு ஞாயிறு தவறாமல் நிறுத்தான். நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. சாப்பிடாமல் விட்டால் பிள்ளை வந்துவிடுவான். வாசலில் நின்று "அம்மா" என்பான். இரண்டு சாப்பாட்டுக் கோப்பை போட்டுச் சோறு பரிமாறலாம். மூன்று நாள் மீன் முழுவதையும் பூனைக்குப் போட்டாள்.

நாலாம் நாள் ஆமியின் ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு வந்தது. பங்கர் குழிக்குள் மண்ணோடு மண்ணாய்க் கிடந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. 'மாதாவே, இந்தக் குழிக்குள்ளையோ என்ரை பிள்ளையைக் கூப்பிடப் பாத்தன்?'

வெளியே வந்ததும் முதல் வேலையாய் அடுப்பை மூட்டினாள். பூனை கத்திக் களைத்தது.

நாற்பத்தைந்து வந்த அன்று, நீலச் சேலை உடுத்திப் போய்ப் படம் எடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "அம்மா, கன்னமெல்லாம் சதை வைச்சிட்டுது! இனி எனக்குக் கவலையில்லை. நான் வரேல்லை. வருசா வருசம் இப்பிடி ஒரு படம் அனுப்புங்கோ."

கடிதத்தைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். 'நான் வரேல்லை' என்ற வரியைத் திரும்ப வாசித்தாள். கோப்பையைத் தள்ளி வைத்தாள். பூனை ஓடி வந்தது.

"சூய், போ!"

கோப்பையை இழுத்து, அடுத்த வருசப் படத்துக்காகச் சாப்பிடத் தொடங்கினாள்.