பதினொரு தெரியாது

நல்லரத்தினத்துக்கு வந்த வசனம் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் ஒரே வசனம்தான்: "தெரியாது."

படம் எடுக்கும் விதுர்ஷா அவற்றை வரிசையாக இலக்கமிட்டுப் போனில் அனுப்பியிருந்தாள். ஒன்று, தெரியாது. இரண்டு, தெரியாது. ஐந்தாவதற்குப் பக்கத்தில் 'சிரிக்கிறார்' என்றிருந்தது. ஒன்பதாவதற்கு 'திரும்பிப் பார்க்காமல்'. எதிரே நிற்பது யார், என்ன கேட்கிறார், எதைக் கேட்டு இந்த மனுசன் சிரிக்கிறான் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் அதைக் கொப்பியில் பார்த்தெழுதினார். ஐம்பது வருடப் பழக்கம் அது. எந்த வேசம் கிடைத்தாலும் தன் பங்கைக் கைப்பட எழுதி, ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எதிராளியின் கடைசிச் சொல்லைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்வார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறக்கும். குருக்கள்மடத்துக் கோயில் வீதியில் ஆடிய கூத்து, பாடசாலை மேடை, வானொலி, தொலைக்காட்சி நாடகம், கல்குடாக் கடற்கரையில் மூன்று நாள் வெயிலில் கிடந்து நடித்த சினிமா, எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தகப்பன், தரகன், பூசாரி, பொலிஸ்காரன், இரண்டு தடவை பிணம். பிணத்துக்குக்கூட, அழுகிறவளின் கடைசிச் சொல்லைச் சிவப்பில் எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகுதானே மூச்சு விடலாம்.

இந்தத் தடவை சிவப்பு மைக்கு வேலையில்லாமல் போயிற்று. அது போதாதென்று அந்தச் சொல்லே அவரைப் போட்டுக் குழப்பியது. அறியேன் என்கிற தெரியாதா, கண்ணுக்குப் புலப்படவில்லை என்கிற தெரியாதா? முதலாவது என்றால் முகத்தைச் சற்றுக் குனிய வேண்டும். இரண்டாவது என்றால் கண்ணைச் சுருக்கித் தூரத்தில் எறிய வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டையும் மாறிமாறிச் செய்து பார்த்தார்.

மனைவி கண்ணகை விளக்குமாறும் கையுமாக வந்து நின்றாள்.

"என்ன, விடிஞ்சதில இரிந்து தெரியா தெரியா எண்டு நிக்கிறீங்க? என்னத்தத் துலைச்சீங்க?"

"தெரியா இல்ல. தெரியாது. எழுத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டெண்டா நான் ஏன் மண்டையப் போட்டு உடைக்கிறன்?"

"அந்தப் புள்ளைக்குப் போனில கோல் எடுத்துக் கேளுங்களன்."

நல்லரத்தினம் கொப்பியை மூடினார். பிறகு, வேறு ஏதோ நினைவில் கேட்பவரைப் போலக் கேட்டார். "அண்டைக்கு வீட்ட வந்த நேரம் அவள் கதையச் சொன்னாளா?"

கண்ணகை கூட்டுவதை நிறுத்தினாள். "ஒரு மணித்தியாலம் இரிந்து கதைச்சீங்க. நான் ரெண்டு தரம் தேத்தண்ணி போட்டன். உங்கட சத்தம்தான் கூட."

"என்ன கதைச்சம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் குசினிக்குள்ள மீன் வெட்டிற்று நிண்டன்."

அவருக்கு அந்த நாள் ஞாபகமிருந்தது. விதுர்ஷா செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தது ஞாபகமிருந்தது. தேத்தண்ணி ஆவியில் அவளுடைய கண்ணாடி மங்கியதும், இடதுகைப் பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததும்கூட. கதை மட்டும் இல்லை. அவள் சொல்லி அவர் மறந்தாரா, அல்லது ஊர்ப் புதினம் பேசியதிலேயே அந்த ஒரு மணித்தியாலம் கரைந்துபோனதா?

கேட்கலாம்தான். கேட்டால் பிடிபட்டுவிடும். போன வருடம் மாங்கேணியில் எடுத்த தொலைக்காட்சி நாடகத்தில் அவருக்குத் தபாலதிபர் வேசம். ஒரே வசனத்தை ஏழு தடவை மறந்தார். "ஐயா, கொஞ்சம் ஆறுங்க" என்று இயக்குநர் மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, அவருடைய உடம்பிலிருந்த சட்டையைக் கழற்றி மேக்கப் போடும் றவூப்புக்கு மாட்டி, பத்து நிமிடத்தில் காட்சியை முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினொரு மாதமாக ஒருவரும் அழைக்கவில்லை. இப்போது வந்திருப்பது, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கதையைச் சுமக்கிற வேசம். இதுவும் கழன்றால் இனிமேல் பிணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

ஆகவே கேட்பதில்லை என்று முடிவெடுத்தார். நடிகனுடைய மூளையால் கண்டுபிடிப்பது என்றும் முடிவெடுத்தார்.

படப்பிடிப்பு தை மாத நடுவில், வாவிக்கு அக்கரையில். மோட்டார் சைக்கிள்களுக்கும் தயிர்ச்சட்டிகளுக்கும் நடுவில், பாதை என்கிற தட்டையான மிதவையில் நின்றபடி தண்ணீரைக் கடந்து போய் இறங்கினார். இடுப்புக்கு ஒரு சாரமும் தோளுக்கு ஒரு துவாயும் கொடுத்தார்கள். சாரத்தை வைத்து ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? மர நிழலில் கதிரை போட்டு, ஏறாவூர் றவூப் அவருடைய நெஞ்சில் கறுப்பு மை தடவிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நாற்பது வருடப் பழக்கம்.

"றவூப், இந்த ஆள் ஆரு?"

"எந்த ஆள்?"

"நீ பூசிற ஆள்."

"நீதான்டாப்பா."

"பகிடி விடாத. வேசத்தக் கேக்கன்."

"கறுக்கப் பூசு, வயசக் கூட்டாத எண்டு சொன்னாங்க. அவ்வளவுதான். உனக்கு இனிமே வயசக் கூட்ட இடமும் இல்ல."

"கண்ணில பூ விழுந்த மாதிரி ஏதும் வைக்கச் சொல்லல்லயா?"

"இல்லயே."

அப்படியென்றால் பார்வையுள்ள ஆள். பதினொன்றும் அறியேன்தான். நல்லரத்தினம் நிம்மதியாக, படத்துக்கென்று கட்டியிருந்த தோணியில் போய் அமர்ந்தார்.

நிம்மதி ஒரு கேள்விக்கு மேல் தாங்கவில்லை. கரையில் நின்ற நடிகை கம்சாயினி தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டிக் கேட்டாள்: "எங்கட அப்பாட காணி இதுக்குள்ள எது?" அவள் காட்டிய இடத்தில் காணியே இல்லை. மார்கழி மழையில் வாவி பொங்கி, வயல் முழுவதும் ஒரே வெள்ளம். காணியை அறியாதவனும் தெரியாது என்பான். தண்ணீருக்குள் கிடப்பதைக் காணாதவனும் தெரியாது என்பான். நல்லரத்தினம் முகத்தைக் குனிந்து, கண்ணையும் சுருக்கி, இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைச் செய்தார்.

"கட்," என்றாள் விதுர்ஷா. "ஐயா, கண்ணுக்குள்ள பூச்சி ஏதும் விழுந்திற்றா?"

இரண்டாம் தடவை குரல் கூடிவிட்டது. மூன்றாம் தடவை வாயே திறக்கவில்லை. கமராக்காரன் ஜெயரூபன் விதுர்ஷாவின் காதில் ஏதோ சொன்னான். சொல்லிவிட்டு றவூப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தான். நல்லரத்தினம் துவாயைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வேர்வை துடைக்கிற சாட்டில் றவூப் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். "மச்சான், கதை தெரியாமலா வந்திரிக்காய்?" என்று பல்லுக்குள் கேட்டார்.

"அது... சரி வரும்."

"என்னத்தச் சரி வரும்? அண்டைக்கு உன்ட சேட்டக் கழட்டி எனக்குப் போட்டாங்க. ரெண்டு நாள் எனக்கு நித்திரை இல்ல. இண்டைக்கும் அந்த வேலை எனக்கு வேணா. போய் வாயத் திறந்து கேள்."

நல்லரத்தினம் துவாயை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மகள், எனக்குக் கதை தெரியா. நீ சொல்லல்லயா, சொல்லி நான் மறந்தனா எண்டும் பிடிபடுதில்ல."

விதுர்ஷா தோணிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொன்னன் ஐயா. முழுக்கச் சொன்னன்." குரலில் கோபம் இல்லை, அவள்தான் தடுமாறிப் போயிருந்தாள். "கடைசிக் காட்சிய மாத்தினதே நீங்கதானே."

"நானா?"

"ஓம். இந்தப் பொம்பள கனடாவில இரிந்து வாறா, தகப்பன்ட காணிய விக்க. தோணிக்காரன் இருவது வருசமா அந்தக் காணிய விதைச்சுச் சாப்பிடுறவன். வரம்பு, வாய்க்கால், மரம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவ எதக் கேட்டாலும் தெரியாது எண்டுறான். கடைசியா அவன் தண்ணிக்குள்ள இறங்கி அவவக் கூட்டிப் போற மாதிரி நான் எழுதியிருந்தன். நீங்கதான் சொன்னீங்க, அவன் இறங்கக்கூடா, இறங்கினாக் கால் காட்டிக் குடுத்திரும், பழகின மண்ணில கால் தேடாது எண்டு. நான் ஒரு கிழமை இரிந்து திருப்பி எழுதினன்."

நல்லரத்தினம் கூர்ந்து கேட்டார். ஒரு சொல்கூட அவருடையதாகத் தோன்றவில்லை. யாரோ இன்னொரு நடிகனின் கெட்டித்தனத்தைக் கேட்பதைப் போலிருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"நல்லாத்தான் சொல்லியிரிக்கன்," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "ஆனா பிழை."

"என்ன ஐயா?"

"அவன் இறங்கோணும். வாய் தெரியாது எண்டு சொல்லட்டும். கால் தண்ணிக்குள்ள வரம்பத் தேடாமப் போகட்டும், வரம்பு திரும்பிற இடத்தில தானாத் திரும்பட்டும். பின்னால வாறவ தடுக்கி விழட்டும். அப்ப அவவுக்கும் விளங்கும், பாக்கிற சனத்துக்கும் விளங்கும்."

விதுர்ஷா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அண்டைக்கு இறங்கக்கூடா எண்டீங்களே?"

"அண்டைக்குச் சொன்ன ஆள் இண்டைக்கு வரல்ல, மகள்."

றவூப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விதுர்ஷா வெள்ளத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "கமராவத் தண்ணிக்குள்ள இறக்கலாமா?" என்று ஜெயரூபனிடம் கேட்டாள். அவன் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"பின்னேரம் வரைக்கும் இது மண்டையில நிக்குமோ சொல்லேலா," என்றார் நல்லரத்தினம்.

"ஒவ்வொரு தரமும் நான் திருப்பிச் சொல்றன். எத்தின தரமெண்டாலும் சரி. நீங்க இறங்குங்க."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கினார். முதல் அடியிலேயே கால் வரம்பைத் தடவியது. இரண்டாம் அடியில் வழுக்கியது.

"என்னடாப்பா, பழகின காலெண்டாய்?" என்றார் றவூப்.

"இது என்ட காணியா? இஞ்ச வா, கையப் பிடி. இந்த வரம்பு எங்க திரும்புதெண்டு முதல்ல பாப்பம்."

இருவரும் கைகோத்துத் தண்ணீருக்குள் வரம்பைத் தேடி நடந்தார்கள். மறுகோடிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். இன்னொரு தடவை போனார்கள். ஐந்தாம் தடவை நல்லரத்தினம் கையை விட்டுவிட்டார். ஆனாலும் திருப்பத்தில் கால் ஒரு கணம் தயங்கியது.

"காணாது," என்றார். "கால் இன்னும் தேடுது. இன்னொருக்காப் போவம்."