விடுபட்ட இருபத்திரண்டாம் வரி

யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். என் பெயர் மட்டும் இருக்க வேண்டாம்.

தாள் கட்டை அவிழ்க்கும்போது கமலவேணி மனத்துக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே விக்கிரமங்கலத்துக் கலியம்மாள் நின்றிருந்தாள். அவள் தெருவில் எல்லாருக்கும் ரேஷன் கார்டு கிடைத்து இரண்டு மாதமாகிவிட்டது. அவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வரகு காய்ந்துபோன வருஷம். வீட்டில் ஆறு பேர்.

அரியலூரில் ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் அந்த ஆபீஸ் நடந்தது. யுத்தம் முடிந்தும் அரிசிக்குக் கார்டு மட்டும் முடியவில்லை. வீடுவீடாகப் போய் எழுதிக்கொண்டு வந்த தாள்களை இங்கே ஒருவர் படிக்க, ஒருவர் நகல் எழுத வேண்டும். அந்த நகலைப் பார்த்துத்தான் கார்டு எழுதுவார்கள். கமலவேணிக்குப் படிக்கிற வேலை, தற்காலிகம்தான். போன மாதம் இரண்டு வரிகளை விட்டவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தனக்கும் அப்படியானால் மகள் சாந்தாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொண்டு அரும்பாவூரில் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை. தட்டை வைக்கும்போது அண்ணி எழுப்பும் ஓசைதான் அவளுக்குத் தாங்காது.

குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டதற்குக் கலியம்மாள் சிரித்துவிட்டாள்.

"பேரக் கேட்டா நான் எப்புடிச் சொல்றது? திருமழபாடிக் கோயில்ல இருக்காரே சாமி, அவரு பேருதான். நீயே சொல்லிக்கம்மா."

"வைத்தியநாதனா, வைத்திலிங்கமா?" என்றார் பின்னால் நின்றவர். "சாமியையே வரச் சொல்லு ஆயா, கார்டு ஒடனே கெடச்சிடும்."

"ரெண்டாவதா சொன்னீங்களே, அதுங்க."

வரிசையே சிரித்தது. கமலவேணி சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இறந்துபோன அவள் கணவனுக்கும் அதே பெயர்.

கலியம்மாளிடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கணக்கெடுக்க வந்த நடராசன் கொடுத்துவிட்டுப் போனது: தாள் ஒன்பது, வரி இருபத்திரண்டு. இது தலைமை எழுத்தர் பாலசுந்தரம் வைத்த ஒழுங்கு. எந்தத் தாளானாலும் அதில் நடந்த வேலை என்ன, செய்தவர் யார் என்று அடியில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய தாளின் எந்த வரியிலிருந்து வந்தது என்று ஓரத்தில் எண் போட வேண்டும். தப்பு வந்தால் ஆளைக் கேட்காதீர்கள், தாளைக் கேளுங்கள் என்பார்.

அவள் தாளைக் கேட்டாள். நடராசனின் ஒன்பதாம் தாளில் இருபத்திரண்டாம் வரி ஒழுங்காக இருந்தது. பெயர், ஆறு பேர், எல்லாம். பிசகு அங்கே இல்லை. நகலை எடுத்தாள். ஓரத்தில் விரலை வைத்து இறங்கினாள். இருபது, இருபத்தொன்று, இருபத்துமூன்று.

அடியில் எழுதியிருந்தது: படித்தது கமலவேணி. எழுதியது அய்யம்பெருமாள்.

முதலில் வந்தது நிம்மதி. அது வந்ததை அவள் மறைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பெயர்கள் இருக்கின்றன. படித்தவள் விட்டாளா, எழுதியவர் விட்டாரா என்று தாளுக்குத் தெரியாது. அதற்கு மேல் கேட்பதென்றால் அவள் தன்னைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டுப் பார்த்தாள். அன்றைக்கு ஆடி மாதத்து மத்தியானம். காற்றுக்குத் தாள் பறக்காமல் கையால் அழுத்திக்கொண்டு படித்தாள். இருபத்தொன்று முடிந்தது. அடுத்த பெயரைக் கண் பார்த்தது, நாக்கு நின்றுவிட்டது. துக்கம் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். துக்கம் இல்லை. பக்தியும் இல்லை. எட்டு வருஷம் கூட வாழ்ந்து ஒரு தடவைகூடச் சொல்லாத பெயர். சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். விரலால் காட்டலாம் என்று நினைத்தாள். அய்யம்பெருமாள் குனிந்த தலை நிமிராமல், "சொல்லுங்கக்கா" என்றார். நாக்கு இருபத்துமூன்றை எடுத்துக்கொண்டது. பக்கம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். பக்கம் முடிந்தபோது அந்த நினைப்பும் போயிருந்தது.

பாலசுந்தரம் வந்து இரண்டு தாள்களையும் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து ஆறு பேருக்குக் கார்டு எழுதி, கலியம்மாளிடம் கொடுக்கும்படி கமலவேணியிடம் நீட்டினார். கலியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கோபித்துக்கொள்வாள் என்றுதான் கமலவேணி நின்றாள். அதுவே தேவலை என்றுகூட இருந்தது.

"மகராசியா இரும்மா," என்றாள் கலியம்மாள். "மூணு தடவ நடந்தேன். எல்லாரும் நாளைக்கி வான்னாங்க. நீதான் கட்ட அவுத்துப் பாத்த."

அவள் தெருவைக் கடந்து போகும்வரை கமலவேணி ஜன்னலிலேயே நின்றாள். தன் பிழையால் இரண்டு மாதம் அரைவயிறாக இருந்தவள் தன்னை வாழ்த்திவிட்டுப் போகிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில், இவ்வளவுக்குப் பிறகும் ஒருத்தி தன்னிடம் அன்பாகப் பேசினாளே என்ற நன்றி கசிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு பாலசுந்தரம் கூப்பிட்டார். மறுநாள் பெரம்பலூரிலிருந்து மேலதிகாரி வருகிறார். விடுபட்ட வரிக்கு ஒரு பெயர் காட்டியாக வேண்டும். ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். படித்தது சரி, எழுதும்போது விடுபட்டது என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"அய்யம்பெருமாள் ரயில்வேக்குப் போயாச்சு. இனிமே அவனுக்கு இதால ஒண்ணும் வராது," என்றார். "ஒனக்குப் பொண்ணு இருக்கு. போட்டுட்டுப் போம்மா."

எது நடந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றே கேட்காமல் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து எழுத மாட்டோம் என்று இரண்டு பேர் முரண்டு பிடித்தபோது, "அப்ப நீங்க நின்னுக்கிட்டு எழுதுங்க" என்று சொல்லி அவளுக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தவர் இவர். மூன்றாவதாக வந்து எதிரில் உட்கார்ந்தவர்தான் அய்யம்பெருமாள். சாந்தாவுக்கு அம்மை போட்டிருந்த பத்து நாளும், தானே படித்துத் தானே எழுதி, ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாமல் போனவர். இந்த ஒரு வருஷத்தில் தனக்குக் கிடைத்த நல்லதெல்லாம் இந்த இரண்டு மனிதர்களிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவர்களில் ஒருவர் இப்போது மற்றவரின் பெயரை எடுத்து அவளுக்குக் குடையாகப் பிடிக்கிறார். பிடிக்கிறவர் கையில் கபடமில்லை. அதனால்தான் அதை விலக்குவது இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அண்ணியின் கை தட்டை வைக்கும் ஓசை காதில் விழுந்தது. சாந்தாவின் சிலேட்டு ஞாபகம் வந்தது.

பாலசுந்தரம் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

"அவரு விடலைங்க சார்," என்றாள் கமலவேணி. "நான்தான் அந்த வரியப் படிக்கல."

அவர் காதில் விழாதவர் போல் பேனாவை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினார். "நல்லா யோசிச்சுக்கம்மா."

"நீங்க எனக்குச் செஞ்சதெல்லாம் மறக்க மாட்டேங்க சார்," என்றாள் அவள், காகிதத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்து. "இதுல மட்டும் நான் கையெழுத்துப் போடலைங்க."