இரண்டு வீட்டுக்கு ஒரு சார்ஜர்

புக்கிட் ரோத்தானில் பதினான்காம் எண் வீட்டிலிருந்த ஸ்குருக்கள் எல்லாம் தைப்பூசத்துக்கு மறுநாள் முதல், நாளுக்கு அரைச் சுற்று வீதம், தாமாகவே இடப்பக்கம் திரும்பிக் கழன்றுகொண்டு வந்தன. ஒரே சுவரில் ஒட்டியிருந்த பதினாறாம் எண் வீட்டில் அதே அரைச் சுற்று வலப்பக்கம் திரும்பி இறுகிக்கொண்டு போயின. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை, வாசலில் மருதாணிச் செடி இருப்பது பதினான்கு. கதவுக் கீல், ஜன்னல் சட்டம், கூரையில் சுற்றும் காத்தாடி, கட்டில், ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி என்று மரை வைத்த எதையும் அது விட்டுவைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் சேர்த்து அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பின்பக்கம் இரண்டு வீட்டையும் பிரிக்கும் குட்டைச் சுவரைத் துளைத்து, துணிக்கொடி கட்டுவதற்காகப் போட்ட போல்ட்டு அது. தலை பதினான்கில், நட்டு பதினாறில். ஆனால் துணிக்கொடி போல்ட்டை எந்த ஆண் பிள்ளை கவனித்திருக்கிறான்?

பதினான்கில் இருந்தவர் திவாகரன். செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி ஓட்டுபவர், சத்தமாகச் சிரிப்பவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுபவர். பதினாறில் இருந்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி குகன். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி, ரப்பர் பேண்டைக்கூட நிறம் பிரித்து வைப்பவர். குணத்துக்கு ஏற்ற வீடு என்று தாமான் குடியிருப்பில் சிலர் சொன்னார்கள். அது பொருந்தாது. குணம் பிறந்ததிலிருந்து இருக்கிறது, ஸ்குரு அந்த வருடம்தான் திரும்பியது. கோவில் பூசாரி வந்து நிலைப்படியில் எலுமிச்சம்பழம் கட்டினார். அடித்த ஆணிக்கு மரை இல்லாததால் அது மட்டும் கீழே விழவில்லை. ஊராட்சி மன்றத்திலிருந்து வந்தவர் இரண்டு வீட்டிலும் அளந்து பார்த்து, அரைச் சுற்று என்பது சரியான கணக்குத்தான் என்று எழுதிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அண்ணனும் தம்பியும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் ஒரு சாவி. திவாகரனிடம் அப்போது வயர் வைத்த பழைய டிரில் ஒன்று இருந்தது. அதன் வாயைத் திறந்து துளை போடும் ஊசியை மாட்ட, சுண்டு விரல் நீளத்தில் பல் வைத்த இரும்புச் சாவி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் டிரில் வெறும் இரும்புதான். தீபாவளிக்கு முந்தின வாரம் திரைச்சீலைக் கம்பி மாட்டக் குகன் இரவல் வாங்கினார், இரண்டாம் நாள் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் பெட்டியைத் திறந்தால் சாவியைக் காணோம். பெட்டியில்தான் வைத்தேன் என்றார் தம்பி. வைத்தால் எங்கே போகும், கால் முளைத்து நடந்துபோயிற்றா என்றார் அண்ணன். ஒரு சாவிக்காக என்னைத் திருடன் என்கிறீர்களா என்று தம்பி கேட்டதற்கு, அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய்.

அவர்களுடைய மனைவிமார் அந்தச் சண்டையில் சேரவே இல்லை. லோகேஸ்வரியும் நவமணியும் குட்டைச் சுவருக்கு மேலே கறிவேப்பிலை, ரசப்பொடி, ஊர்க்கதை எல்லாம் வழக்கம்போல் கொடுத்து வாங்கினார்கள். ஸ்குரு திரும்ப ஆரம்பித்த இரண்டாவது வாரமே அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தும் விட்டார்கள். பதினாறில் திறக்க வராத பாட்டில்களை நவமணி மதியமே சுவர் தாண்டிக் கொடுத்துவிடுவாள். பதினான்கில் இரண்டு நாள் இருந்தால் மூடி தானாகத் திறந்துகொள்ளும். பதினான்கில் கால் ஆடும் நாற்காலிகள் பதினாறுக்குப் போய் ஒரு வாரம் தங்கி, கிண்ணென்று ஆகித் திரும்பி வரும். இப்படித் தூக்கிப் போகக்கூடிய சாமான்களின் கஷ்டத்தைப் பெண்கள் தீர்த்துவிட, சுவரோடும் கூரையோடும் ஒட்டியிருந்தவை மட்டும்தான் ஆண்களுக்கு மிஞ்சின.

திவாகரன் கையால் முறுக்கும் ஸ்குருடிரைவரை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சமையலறையை முடிப்பதற்குள் முன்கதவு கழன்றுவிடும். உள்ளங்கையில் கொப்புளம். சித்திரையில் காத்தாடி கழன்று, சாப்பாட்டு மேசையில் சாம்பார்ச் சட்டியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அடி யாருக்கும் இல்லை. ஆனால் செய்தி கோலா குபு பாருவுக்குப் போய்விட்டது.

அங்கேதான் வம்பு. திவாகரனின் ஒரே மகள் மாலாவை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவளுக்கு அப்போது மூன்று மாதம். தலைப்பிள்ளை, ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். சம்பந்தியம்மா வேலம்மா கைப்பேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார், காத்தாடி கழன்று விழுகிற வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டாராம். பிள்ளையைச் சாரோங் துணித் தொட்டிலில் போடுவீர்களே, அந்தக் கொக்கி நிற்குமா, நான் வந்து பிடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு என்றார். லோகேஸ்வரி அன்றைக்கு முழுதும் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள். திவாகரனுக்கு அது சாம்பார்ச் சட்டியைவிடப் பயமாக இருந்தது. பேரப்பிள்ளை தன் வீட்டில், தன் கூரைக்குக் கீழே ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

ஆகவே அவர் மீரா முகைதீனின் இரும்புச் சாமான் கடைக்குப் போனார். மீரா முகைதீன் கேட்ட முதல் கேள்வி, கழலுறதுக்கா இறுகுறதுக்கா என்பதுதான். அந்த வட்டாரத்தில் அதற்குள் விஷயம் அவ்வளவு சகஜமாகிவிட்டது. பிறகு பேட்டரி போட்ட இரண்டு மெஷினை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்து விளக்கினார். மூக்கு நீண்டது டிரில், துளை போடும், சுத்தியல் குறி பக்கம் திருப்பினால் கல்லுச் சுவரையும் குடையும். குட்டையாக, கொழுத்து இருப்பது இம்பேக்ட் டிரைவர். அது திருப்பிக்கொண்டே அடிக்கும், பெரிய ஸ்குருவை வெண்ணெயில் இறக்குவதுபோல் இறக்கும், இறுகிப்போனதையும் பிடுங்கிவிடும். இப்போது வரும் டிரில்லுக்குச் சாவியே கிடையாது, கையால் திருகினால் வாய் இறுகிக்கொள்ளும் என்று அவர் சொன்னபோது, திவாகரன் பேச்சை மாற்றி விலை கேட்டார்.

தேர்ந்தெடுக்க அவருக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது. முதல் சனிக்கிழமை எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொல்லி, கத்தரிக்காய் வாங்குகிறவர்போல் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். இரண்டாம் சனிக்கிழமை பெட்டியில் போட்டிருந்த எண்களைக் கைப்பேசியில் பார்த்த வீடியோக்களோடு ஒத்துப்பார்த்து, லோரி நண்பர்கள் நான்கு பேருக்குப் போன் அடித்து, நான்கு விதமான பதிலை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். மூன்றாம் சனிக்கிழமை நீலப் பெட்டியில் கையை வைத்து இதுதான் என்றார். அதே நேரம் கடைக்குள் நுழைந்த குகன் மூன்றே நிமிடத்தில் அதே நீலப் பெட்டியைக் காட்டி இதுதான் என்றார். நீலத்தில் அது ஒன்றுதான் மிச்சம். பச்சையும் மஞ்சளும் அடுக்கடுக்காக இருந்தன. அண்ணனுக்கு வேண்டும் என்பதால் தம்பிக்கும், தம்பிக்கு வேண்டும் என்பதால் அண்ணனுக்கும் அவை கண்ணிலேயே படவில்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்து நான் எடுத்ததை அவர் எப்படி எடுக்கலாம் என்று அவரைக் கேளுங்கள் என்றார் திவாகரன், இரண்டடி தூரத்தில் நின்ற தம்பியைப் பார்க்காமல். மூன்று வாரம் எதற்கு, பெட்டியிலேயே எழுதியிருக்கிறதே என்று சொல்லுங்கள் என்றார் குகன்.

மீரா முகைதீன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஒரே தமிழை மொழிபெயர்த்து அலுத்துப்போனார்.

"இங்க பாருங்க அண்ணே, ரெண்டு மெஷின், ரெண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. சார்ஜர் ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. முடியாதுன்னா நா பெட்டிய உள்ள வெச்சிடுறேன் லா."

விலையில் ஆளுக்குப் பாதி போட்டார்கள். டிரில் பதினான்குக்கும் இம்பேக்ட் டிரைவர் பதினாறுக்கும் போயின. அடுத்த சனிக்கிழமை சார்ஜரைச் சுவர் தாண்டிக் கொடுத்துவிடு என்று திவாகரன் மனைவியிடம் நீட்டினார். லோகேஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கறிவேப்பிலைதான் என் வேலை, இது நீங்கள் அண்ணன் தம்பி வாங்கின சாமான் என்றாள். பதினாறில் நவமணியும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேரும் முன்னமே பேசி வைத்துக்கொண்டார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆகவே சார்ஜர் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போய், துணிக்கொடி போல்ட்டில் தொங்கியது. ஒருவர் வீட்டுக்குள் போன பிறகு மற்றவர் வந்து எடுத்துக்கொள்வார்.

டிரில்லால் பதினான்கு ஓரளவு நிமிர்ந்தது. கதவு கதவாக இருந்தது. ஆனால் தொட்டில் கொக்கி நிற்கவில்லை. உத்தரத்தில் துளை போட்டுக் கட்டைவிரல் மொத்தக் கொக்கியை இறக்கப் பார்த்தால் டிரில் பாதியில் முக்கி நின்றது. இறக்கிய அளவும் பத்து நாளில் கழன்று தரையில் கிடந்தது. இரண்டாவது கொக்கியும் அப்படியே. அந்தப் பக்கம் குகன், இறுகிப்போன ஸ்குருக்களை இம்பேக்ட் டிரைவரால் கழற்றப் போய் ஏழெட்டின் தலையை முறித்துவிட்டு, உள்ளே மாட்டிய கட்டையைக் குடைந்தெடுக்க டிரில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆடி மாதம் திவாகரனின் துணி அலமாரி முதுகுப் பலகையைக் கழற்றிப் போட்டது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் எண்ணெய் மில்லின் பழைய சட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. உதறியபோது பையிலிருந்து சாவி விழுந்தது. அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. பெட்டி திரும்பி வந்த அன்று சாயங்காலம், தீபாவளி விளக்கு மாட்ட வேண்டும் என்று தாமே அதை எடுத்துப் பையில் போட்டிருந்தார். பதினோரு தீபாவளிக்குத் தம்பி வீட்டு முறுக்கு சுவர் தாண்டி வந்தது, தம்பி வரவில்லை. குகனுக்குப் பிள்ளை இல்லை. மாலாவைப் பாலர் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். திவாகரன் சாவியை, உதிர்ந்த ஸ்குருக்கள் போட்டு வைத்திருந்த, திருகு மூடி வைத்த மைலோ டின்னுக்குள் போட்டு மூடினார். இரண்டு நாளில் மூடி தானாகத் திறந்துகொண்டது. அந்த வீட்டில் அது இயல்புதான், ஆனாலும் அவர் டின்னைப் பார்க்காமல் நடமாடினார்.

வளையல் போட மூன்று வாரமே இருந்தபோது, துணி காயப்போட்ட நவமணி கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் போல்ட்டு மட்டும் தை மாசத்திலிருந்து அசையவே இல்லையே அக்கா என்றாள். லோகேஸ்வரி குனிந்து பார்த்தாள். பதினான்கு கழற்றுகிற அதே அளவைப் பதினாறு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான போல்ட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. அப்படியானால் தொட்டிலை உத்தரத்தில் ஏன் மாட்ட வேண்டும்? நடுச் சுவரை இரண்டு பக்கமும் துளைத்து, போல்ட்டு போட்டு, இரும்புக் கை ஒன்றை நீட்டினால் போதாதா? இதை இருவரும் அவரவர் வீட்டுக்காரரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, சமைக்கப் போய்விட்டார்கள்.

திவாகரன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சார்ஜர் பையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தார்: ஞாயிறு, காலை பத்து, நடுச் சுவர், மாலா தொட்டிலுக்கு. பை திரும்பி வந்தபோது கீழே கிராணியின் குண்டு எழுத்தில் இருந்தது: சரி. எத்தனை இன்ச்?

ஞாயிற்றுக்கிழமை திவாகரன் டிரில்லைச் சுத்தியல் குறி பக்கம் திருப்பி, தோளைக் கொடுத்து அழுத்தினார். முக்கால் சுவரில் பேட்டரி செத்தது. சத்தம் நின்றதைக் கேட்ட குகன் தானாகவே பின்பக்கம் வந்து, தன் பேட்டரியைக் குட்டைச் சுவரில் வைத்துவிட்டுப் போனார். இந்தப் பக்கம் துளைக்கவும் அந்தப் பக்கம் இறுக்கவுமாக, ஒரே பேட்டரி அன்றைக்கு நான்கு முறை சுவர் தாண்டியது. பதினொன்றே காலுக்கு ஊசி அந்தப் பக்கம் வெளியே வந்தது, வெளிச்சம் ஒரு புள்ளியாக இந்தப் பக்கம் விழுந்தது.

"வந்துருச்சா?" என்றார் திவாகரன்.

"வந்துருச்சுண்ணே."

பதினோரு வருடத்துக்குப் பிறகு வந்த அந்த அண்ணே, செங்கல் தூளோடு காதில் விழுந்தது. திவாகரன் துளையில் வாயை வைத்தார். முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"தம்பி, அந்தச் சாவி எங்கிட்டதாண்டா இருந்துச்சு. என் சட்டப் பையில. தப்பு என்னோடதுதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது, தூசியாகவும் இருக்கலாம்.

"போல்ட்டத் தள்ளுங்கண்ணே. நட்டு கையில வெச்சிருக்கேன்."

இம்பேக்ட் டிரைவர் அந்தப் பக்கத்திலிருந்து அடித்து இறுக்கியது. இரும்புக் கைக்கான இரண்டாவது துளையையும் அப்படியே முடித்து, இரண்டு போல்ட்டுக்கும் நகப்பூச்சால் கோடு போட்டுப் பத்து நாள் பார்த்தார்கள். கோடு மயிரிழை நகரவில்லை. திவாகரன் அந்த வாரமே சாவியைச் சார்ஜர் பைக்குள் போட்டு அனுப்பினார். அடுத்த வாரம் சார்ஜர் திரும்பி வந்தது, சாவி வரவில்லை. அவர் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்குப் புத்தி வந்திருந்தது.

வேலம்மா சொன்னபடி வந்தார். ஸ்பிரிங்கில் தொங்கிய சாரோங்கை ஒரு கையால் இழுத்தார், இரு கையால் இழுத்தார், பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். எண்பத்திரண்டு கிலோ என்று அவரே பிற்பாடு சொன்னது. தொட்டில் தரையைத் தொட்டு மேலே போய்க் கீழே வந்தது. இரும்புக் கை முனகக்கூட இல்லை. அங்கிருந்தபடியே ஒரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்து முடித்துவிட்டு, மாலாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள் என்றார். இறங்க மட்டும் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் பேர் வைத்தார்கள். குகன் பதினோரு வருடத்தில் முதல் முறையாக முன்வாசல் வழியாக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளை சாரோங்கில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தொட்டிலின் தலைமாட்டில் கட்டினார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சிவப்பு நூல் கோத்த அந்தச் சாவி. பச்சைப் பிள்ளை பக்கத்தில் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்பு ஒன்று வைப்பது வழக்கம். கட்டி முடித்த பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"சாவியத் திருப்பிக் குடுத்தாச்சுண்ணே. எல்லாரும் பாத்துக்குங்க."

திவாகரன் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டார்.

ஸ்குருக்கள் இன்றைக்கும் நாளுக்கு அரைச் சுற்று திரும்புகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு மெஷினோடு முதலில் பதினான்கையும் பிறகு பதினாறையும் சுற்றி வருகிறார்கள், பசியாறலுக்குள் முடிந்துவிடும். குழந்தை அந்தச் சத்தம் கேட்டால்தான் தூங்குகிறதாம். சார்ஜர் இந்த வாரம் பதினாறில் இருக்கிறது.