கடலுக்கு முதுகு காட்டி

வஜீஹா நாற்காலியைத் திருப்பினாள். ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடம் அது. முன்பக்கமாகத் தள்ளினால் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். திருப்பிப்போட்டுப் பின்பக்கமாக இழுத்தால்தான் வண்டி வரும். வாதத்தில் கால் விழுந்த அத்தாவைச் சாந்தோம் கடற்கரைக்குக் கூட்டிவந்து கூட்டிவந்து அவள் கற்றுக்கொண்டது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம், ஆழ்வார்பேட்டையில் ஏதோ ஒரு துரை வீட்டார் விட்டுப்போன குழந்தை வண்டியின் சக்கரங்களைக் கொண்டுவந்து, பிரம்பு நாற்காலியில் பூட்டியவன் அவள் அண்ணன் ஷரீஃப். அவனே இன்று காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அத்தாவுக்கு நெஞ்சில் பலமில்லை, அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ கஞ்சியைத் தொடவில்லை. கடல் தண்ணியில் ஒரு தடவை கால் நனைக்கவேண்டும், அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்றார். அண்ணன் மருந்து வாங்கப் போனதும் வஜீஹா வண்டியை எடுத்துவிட்டாள்.

"எப்பப் பாரு, வந்த வழியவே காட்டிக்கினு வர்ற," என்றார் அத்தா. "கடலுக்கு என் முதுகுதான் தெரியும்போல."

"கம்முனு வா அத்தா. தண்ணிகிட்ட போய்த் திருப்புறேன்."

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குப்பத்துச் சொர்ணம் ஒரு கை கொடுக்க வந்தாள். "இன்னா பாய், கனக்குற? பொண்ணு வேளா வேளைக்குப் பிரியாணியா?"

"எங்க? கஞ்சிதான் ஊத்துறா," என்று அத்தா சிரித்தார்.

வஜீஹாவுக்கு நாலைந்து வயசிருக்கும்போது இதே மணலில் அவர்தான் அவளைத் தோளில் சுமந்து வருவார். அலை வரும்போது குனிந்து, அவள் பாவாடை ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். பாவாடை நனைந்தால் வீட்டில் அம்மாவிடம் திட்டு வாங்குவது அவர்தான். அப்போது அந்தக் கால்கள் ஈரமணலில் எவ்வளவு ஆழமாகப் பதியும்.

வண்டி திடீரென்று கனத்தது. அத்தாவின் தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வஜீஹா முன்னால் வந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே நின்றாள்.

சொர்ணம் பிடியை விட்டாள். "கண்ணு... பாய் போய்ட்டாரு. ஊட்டாண்ட போயிரலாம்."

வஜீஹா அவர் கண்களை மூடிவிட்டாள். காதருகே குனிந்து கலிமாவைச் சொன்னாள். பிறகு மறுபடியும் பின்னால் போய்ப் பிடியைப் பிடித்தாள்.

"இழு அக்கா. இன்னும் கொஞ்சந்தான் கீது."

இருவரும் இழுத்தார்கள். ஈரமணல் வந்ததும், பழக்கத்தில் அவள் கைகள் நாற்காலியைக் கடல்பக்கம் திருப்பப் போயின. பாதியில் நின்றன. போகிறவர் முகம் தொழும் திசையான கிப்லாவை, மேற்கைப் பார்த்திருக்க வேண்டும். வழியெல்லாம் அவர் குறைபட்டுக்கொண்டு வந்த அந்தப் பக்கம்தான்.

அவள் திருப்பவில்லை. கால் வைக்கும் பலகையிலிருந்து அவர் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தாள். தூரத்தில், ரோட்டிலிருந்து ஷரீஃப் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தான்.

அலை பின்னாலிருந்து வந்தது. சக்கரங்களுக்கு நடுவே புகுந்து குதிகாலைத் தொட்டது. வஜீஹா குனிந்து, அத்தாவின் கைலி ஓரம் நனையாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.